பத்தாம் பக்கத்துக்கு ஆள் இல்லை

அக்கா,

வெள்ளிக்கிழமை ஒரு தடித்த உறை வந்தது. கிழித்தபோது புது அச்சு மையின் மணம். உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலராக அடித்த கல்வெட்டுப் புத்தகத்திலும் இதே மணம்தான். அதில் நீங்கள் பிறந்த ஊரின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. நான் மண்டப வாசலில் நின்று வந்தவர்களின் பிரதிகளை வாங்கிப் பேனாவால் திருத்திக் கொடுத்தேன். மருந்து லேபிள்களில் பிழை பார்ப்பது என் தொழில். அங்கே இதற்குப் பாராட்டுக் கிடைக்கும்.

அத்தான் பாராட்டவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றுக்காக அவர் ஏற்கனவே என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். "உவனுக்கு நெஞ்சே இல்லை" என்று தான் இருக்கும் அஜக்ஸிலிருந்து அஜின்கோர்ட் வரையுள்ள எங்கள் ஆட்களுக்கெல்லாம் தொலைபேசியில் அறிவித்திருந்தார். அழாமல் பிழை திருத்திக்கொண்டு நின்றவனைக் கண்டதும் கேட்டவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்தது.

எனக்குத் தீரவில்லை. எனக்கு இருப்பது என்ன, இல்லாதது என்ன என்று யாராவது ஒரு தாளில் எழுதி ஒப்பமிட்டுத் தந்தால் அதை அத்தானிடம் நீட்டலாம் என்று நினைத்தேன்.

இது தொடங்கிய கதை உங்களுக்குத் தெரியும். எனக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று மகள் தன் போனில் ஒரு கேள்வித்தாளைக் கொண்டுவந்து தந்தாள். நான் அதைச் சோதினை என்று எடுத்துக்கொண்டேன். புதியவர்களைச் சந்திக்க விருப்பமா? மிகவும் விருப்பம். திடீரென்று திட்டம் மாறினால் பரவாயில்லையா? பரவாயில்லை. "அப்பா, பொய் சொல்லாதேங்கோ. இதிலை ரைட் ஆன்சர் எண்டு ஒண்டும் இல்லை" என்றாள். சரியான விடை இல்லாத வினாத்தாளை எதற்காகத் தயாரிக்கிறார்கள் என்று கேட்டேன். அதையும் ஒரு விடையாகவே எடுத்துக்கொண்டாள். இரண்டாம் முறை உண்மையை எழுதினேன். புள்ளிகள் எகிறின. எங்கள் குடும்பத்தில் ஒருவன் அதிகப் புள்ளி எடுத்ததற்காகப் பிள்ளை அழுதது அன்றைக்குத்தான்.

கிளினிக்கில் பெயர் பதிந்துவிட்டு உங்களிடம் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். "கூப்பிடட்டும், நான் வந்து எல்லாம் சொல்லுறன்" என்றீர்கள். கூப்பிட இரண்டு வருடம் ஆயிற்று. உங்களுக்குப் புற்றுநோய் வந்து, பரவி, முடிந்துபோக அதில் பாதிக் காலமே போதுமாயிருந்தது.

கிளினிக்கில் இருந்தவர் நல்ல பெண். சிறு வயதில் பெரியவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசினீர்களா என்று கேட்டார். பார்த்திருந்தால் அறை விழுந்திருக்கும் என்றேன். பிறந்தநாள் விருந்துகளில் எப்படி இருந்தீர்கள் என்றார். எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்குக் கோயிலில் அர்ச்சனை செய்வார்கள். அங்கே எல்லாரும் பேசாமல்தான் நிற்பார்கள் என்றேன். எல்லாவற்றையும் எங்கோ குறித்துக்கொண்டார். கடைசியில் பத்தாம் பக்கத்தை எடுத்து வைத்தார். ஐந்து வயதுக்கு முன்பிருந்தே என்னை அறிந்த ஒருவர் நிரப்ப வேண்டியது. அம்மா இல்லை, ஐயா இல்லை, அக்காவும் இப்போது இல்லை என்றேன். முறைப்படி அனுதாபம் தெரிவித்தார். அக்கா என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும், நானே எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். எனக்கு நானே சாட்சி சொல்ல முடியாதாம்.

நீங்கள் இதைத்தான் எழுதியிருப்பீர்கள். வீட்டுக்கு வந்தவர்கள் புறப்படும்போது "போட்டு வாறம்" என்பார்கள், போய்விட்டு வருகிறோம் என்று. "போறம்" என்று எங்கள் ஆட்கள் யாரும் சொல்லமாட்டார்கள், அபசகுனம். வருவதாகச் சொன்னவர்கள் வரவேண்டுமே என்று நான் வாசல் படலையடியில் நிற்பேன். கலியாணக் கடிதம் கொடுக்க வந்தவர், தையல் மெசின் திருத்த வந்தவர், எல்லாருக்காகவும் நின்றேன். வீடு முழுக்கச் சிரித்தது. நீங்கள் மட்டும் பள்ளிக்கூடம் போகும் காலைகளில் குனிந்து, "தம்பி, நான் போறன். பின்னேரம்தான் வருவன்" என்றீர்கள். அம்மா உங்கள் வாயில் அடித்தா. அதற்குப் பிறகு காதுக்குள் சொன்னீர்கள், நான் படலையடியில் காத்து நிற்கக்கூடாதென்று.

ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னீர்கள். "தம்பி, நான் போறன்." நான் தலையாட்டி "ஓம்" என்றேன். அத்தான் கால்மாட்டில் நின்றார். சாகக் கிடப்பவள் போறன் என்கிறாள், கூடப் பிறந்தவன் ஓம் என்கிறான். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை உறையில் வந்தது அறிக்கை. ஆரம்பகாலத் தகவல் கிடைக்காததால் உறுதியாக எதுவும் கூற இயலாது என்று பல பக்கங்களில் உறுதியாகக் கூறியிருக்கிறார்கள். உங்களுக்கான பக்கத்தை வெறுமையாக இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். யாராவது கிடைத்தால் மீண்டும் விண்ணப்பிக்கலாமாம். நீட்டுவதற்குத் தாள் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அஜக்ஸுக்குப் போனேன்.

அத்தான் கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் சப்பாத்தோடு நின்றபடியே படலைக் கதையை முழுதாகச் சொன்னேன். நீங்கள் அதை அவருக்குச் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கேட்டுக்கொண்டே படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"உனக்கு மட்டுமோ அப்பிடிச் சொல்லுறவ?"

"ஓம், அத்தான்."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்டைக்குக் காலமை ஸ்கானுக்குத் தள்ளிக்கொண்டு போகேக்கை, எனக்குப் போட்டு வாறன் எண்டவ."

இதற்கு ஏதோ ஒன்று சொல்லவேண்டும். மற்றவர்களுக்கு அது தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை, சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்கிறியோ என்று கேட்டார். குடித்தோம். புறப்படும்போது, பெரிய ஆளான பின் முதல் தடவையாக, "போட்டு வாறன், அத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே, அக்கா, வரும் ஞாயிறும் அஜக்ஸுக்குப் போகவேண்டியிருக்கிறது. சொன்னால் வரவேண்டுமே.