பாக்கியத்தின் கைக்கு ஒன்று

சனிக்கிழமை.

பக்கவாதத்தில் செயலிழந்த என் மனைவி பாக்கியத்தின் வலக்கை விரல்களுக்கு, டிவியில் கார் விளையாட்டு விளையாடினால் நல்லது என்று தெரபி செய்ய வரும் பெண் சொன்னாள். இன்று ஈப்போ டவுனுக்குப் போனேன். அந்த விளையாட்டைக் கையில் பிடித்து ஆட, ஒயர் வைத்த கன்ட்ரோலரில் மலிவானதும் இருந்தது, விலை கூடியதும் இருந்தது. பெட்டியின் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததை யாரையும் கேட்காமல் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. விலை கூடியது என் கைக்குள் கனமாக, அழகாக உட்கார்ந்தது. அதையே வாங்கினேன்.

வீட்டில் அவள் விரல்கள் பட்டனை எட்டவில்லை. கன்ட்ரோலர் மடியில் நழுவி விழுந்தது.

"யாரு கைக்கு வாங்குனீங்க, உங்க கைக்கா? தோட்டத்துல நான் பால்மரம் சீவுன கத்திய நீங்களா பாத்து வாங்குனீங்க?" என்றாள்.

இல்லை. அவள் கத்தியை அவள்தான் பிடித்துப் பார்த்து எடுப்பாள். அத்தனை வருடம் பக்கத்து நிரையில் ரப்பர் மரம் சீவியும் எனக்கு அது தோன்றவில்லை.

"மாத்திட்டு வாரேன். மலிவானது சின்னதா, லேசா இருந்துச்சு."

"வேணாம் லா. நானும் வாரேன். ரெண்டையும் பிடிச்சுப் பாக்கணும்."

நோயில் விழுந்த நாளிலிருந்து அவள் வாசலைத் தாண்டியதில்லை. கூப்பிட்டாலும் வந்ததில்லை.

அவளுடைய செருப்பைத் தேடி எடுத்தேன். தூசி படிந்திருந்தது. துடைத்துக் கதவருகே வைத்திருக்கிறேன்.