பட்டன் தைத்த பைகள்

என் ஆருயிர்ச் சண்டைக்காரி ரெஜினாவுக்கு,

எனக்குக் கண் தெரிகிறது. இதைத்தான் உனக்கு முதலில் சொல்ல வேண்டும். வலது கண் நன்றாகத் தெரிகிறது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். "போய்க் கண்ணைக் காட்டுடி" என்று நீ கத்தியபோதெல்லாம் போகாதவள், நீ கண்ணை மூடி எட்டு மாதம் கழித்துத்தான் போனேன். அதுவும் நானாகப் போகவில்லை. உன் இலையுதிர்கால வளையம் என்னை இழுத்துக்கொண்டு போனது.

கனடாவில் மூத்த மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு, பெட்டி நிறையத் துணி இலையும் பிளாஸ்டிக் பூவுமாக வந்து இறங்கினாயே, நினைவிருக்கிறதா? இலை பழுத்து உதிரும் காலத்தில் அங்கே வீட்டுக் கதவில் அதே நிறங்களில் வளையம் கட்டி மாட்டுவார்கள் என்றாய். "பென்னாகரத்தில் கதவில் வளையம் மாட்டினா, பந்தல்காரன் வந்து நிப்பான்" என்றேன். நீ விடவில்லை. "சாவுக்கு ஊதாவும் வெள்ளையும். இது பழுப்பும் மஞ்சளும் சிவப்பும். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாதா?"

பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ரெஜினா.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஐப்பசியில் உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கட்டினோம். கல்லறைத் திருநாளுக்கு ஊதா வெள்ளையில் ஆளுக்கு ஒன்று, கதவுக்குப் பழுப்பு மஞ்சளில் ஆளுக்கு ஒன்று. உன்னுடையது கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். என்னுடையதில் இலைக்கு இலை இரண்டு விரல் இடைவெளி. "இது வளையம் இல்லடி பிலோ, வாய்ப்பாடு" என்பாய்.

கடைசி இரண்டு வருஷம் எல்லாம் எனக்குப் புகை மூட்டமாகத்தான் தெரிந்தது. உன்னிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை. என் அம்மா கண் நரம்பு செத்துப்போய், கடைசிப் பத்து வருஷம் சுவரைத் தடவித் தடவி நடந்ததை நீ பார்த்திருக்கிறாய். அதுவே எனக்கும் வந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். தெரிந்தால் ஸ்டெல்லா வீட்டைப் பூட்டி என்னைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய்விடுவாள். அவர் போன பிறகு பன்னிரண்டு வருஷம் யார் தயவும் இல்லாமல் இருந்த வீடு. மகளே ஆனாலும், கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போகிற நிலை எனக்கு வேண்டாம் என்றிருந்தேன்.

இந்த ஐப்பசியில் உன் சின்ன மருமகள் பைகளையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தாள். "ஆன்ட்டி, அத்தை ஞாபகமா நீங்களே வெச்சிக்குங்க" என்றாள். தனியாக உட்கார்ந்து, ஒரே மத்தியானத்தில் கட்டி முடித்துக் கதவில் மாட்டினேன். உனக்காகத்தான்.

மறுநாள் காலை பால்காரர் குரல் கொடுக்கவில்லை. பாலை வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி போனார். இன்றைக்கு ஏன் இந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு ஜமீலா பிளாஸ்கில் காப்பியோடு வந்து நின்றாள்.

"எப்படி இருக்குது?" என்று கதவைக் காட்டிப் பெருமையாகக் கேட்டேன்.

"என்னத்தங்கம்மா சொல்றது..." என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானே கட்டினது."

"உங்க கையாலயேவா? எப்படிங்கம்மா மனசு வந்துச்சி?"

"ஏன் வராது? ரேடியோவில பாட்டு கேட்டுக்கிட்டே கட்டினேன்."

ஜமீலா பிளாஸ்கைக் கீழே வைத்தாள். "அம்மா, ஸ்டெல்லாவுக்கு நான் போன் போடட்டுங்களா?"

"அவளுக்கு எதுக்கு?"

"போனது யாருங்கம்மா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரும் போகல. இது இலையுதிர்கால வளையம். பழுப்பும் மஞ்சளும் பார்த்தா தெரியலையா?"

அவள் வளையத்தின் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பழுப்பு இல்லைங்கம்மா. கத்திரிக்காக் கலரு. மஞ்சள்னு சொல்றீங்களே, அது வெள்ளைங்க."

"வெளிச்சம் போதலை" என்றேன். முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை நான் மறக்க மாட்டேன். "நாளைக்கு எனக்கும் தருமபுரியில வேலை இருக்குதுங்க, சேர்ந்து போலாம்" என்றாள். அவளுக்கு ஒரு வேலையும் இல்லை என்று தெரிந்தும் தலையாட்டினேன்.

பஸ் இண்டூர் தாண்டும்வரை, என் வீட்டில் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் எத்தனை எட்டு என்று மனதுக்குள் எண்ணிப் பழகிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சின்னப் பெண். ஏதேதோ கருவியில் என் தாடையை வைத்துப் பார்த்துவிட்டு, "புரை நல்லா முத்திடுச்சிங்கம்மா. அதான் ஊதா பழுப்பாத் தெரிஞ்சிருக்கு. நரம்பு நல்லா இருக்கு" என்றாள்.

"எங்கம்மாவுக்கு வந்த நரம்புக் கோளாறு?"

"அது உங்களுக்கு இல்லைங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள். மூன்றாம் முறை நான் கேட்டபோது ஜமீலாவே குறுக்கே புகுந்து, "அதான் இல்லைன்னுட்டாங்களேம்மா!" என்றாள். நான் அழுதுவிட்டேன், ரெஜினா. இத்தனை வருஷமாக எல்லாரையும் நிமிர்ந்து உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தவள், அத்தனை பேர் நடுவே முந்தானையில் மூக்கைச் சிந்தினேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். கதவில் அந்த வளையம் இன்னும் தொங்கியது. சர்ச்சில் சாவுப் பூசைக்குச் சாமியார் போடுகிற உடுப்பு மாதிரி அப்படியொரு ஊதா! பால்காரர் செருப்பைக் கழற்றியது நியாயம்தான்.

இந்தத் தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, உனக்குத் தெரியுமே. பைகளை எடுத்து வெயிலில் பரப்பினேன். ஒரு பையின் வாயோரம் ஒரு சட்டைப் பட்டன். இன்னொன்றில் இரண்டு. மற்றொன்றில் மூன்று. நான்காவதில் பட்டனே இல்லை. "துணிப்பைக்கு எதுக்குடி பட்டன்?" என்று உன்னைத் திட்டியிருக்கிறேன். "அழகுக்கு" என்று சொன்னாய். பிறகு, "பிலோ, பழுப்பு வேணுமா? அந்த ஒத்தப் பட்டன் பையை எடு" என்பாய். மஞ்சளுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று. பட்டன் இல்லாதது கல்லறைக்கு. நீ போன பிறகும் என் விரல்கள் ஒற்றைப் பட்டனைத் தடவித்தான் பழுப்பு என்று நம்பின. இப்போது பார்த்தால் அந்தப் பையில் இருப்பது ஊதா, இரண்டு பட்டன் பையில் வெள்ளை. உன் மருமகளைக் கேட்டேன். "பை அழுக்கா இருந்துச்சின்னு கொட்டிட்டுத் துவைச்சேன் ஆன்ட்டி. திரும்ப கலர் பிரிச்சி, கைக்கு வந்த பையில போட்டுட்டேன்" என்றாள் பாவம்.

அப்படியானால் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என்னிடம் கத்துவதை நிறுத்திவிட்டு ஊசியை எடுத்திருக்கிறாய். ஸ்டெல்லாவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாயா, கெடுத்தாயா? பட்டன் தைக்காமல் என் காதைத் திருகி இழுத்துப் போயிருக்கக் கூடாதா? இழுத்திருந்தால் நான் வந்திருப்பேனா?

வந்திருக்க மாட்டேன். விடு.

ஊதா வளையத்தைக் கழற்றி வைத்திருக்கிறேன். கல்லறைத் திருநாளன்று உன்னிடம் கொண்டுவருவேன். ஓரிடத்தில் நான்கு விரல் இடைவெளி விழுந்திருக்கிறது, இப்போது தெரிகிறது. பிரித்துக் கட்டப்போவதில்லை, அப்படியே வைத்துக்கொள். கதவுக்கு அசல் பழுப்பில் புதிதாகக் கட்டிவிட்டேன். ஜமீலாவும் தன் வீட்டுக் கதவுக்கு ஒன்று கேட்டாள். "ஆனா கலரு நான் எடுத்துத் தரேங்கம்மா" என்றாள். அந்தத் துடுக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. உன் சாயல்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எனக்கு எது தெரியாவிட்டாலும், தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வேன். எனக்காக இன்னொருத்தி திருட்டுத்தனமாகப் பட்டன் தைக்கும்படி வைக்க மாட்டேன்.

ஏழு மாதம் மூத்தவள் என்று நீ கடைசிவரை ஒப்புக்கொள்ளாத உன் அக்கா,
பிலோமினா