பாத்தியில் தூவியது

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வீட்டைக் காவல் காக்கும் தங்கை எழுதுவது. நான் நலம், உன் நாய் என்னைவிட நலம். நீ அங்கே பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாய். இங்கே உன் நாலுகால் மேனேஜர் என்னைக் குளிக்கவே விடுவதில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, தண்ணீர் வீணாகிறதே என்று பெருமூச்சு விடுகிறார். போனில் உன் குரல் கேட்டால் வாசல் கதவைப் பிராண்டி ஊளையிடுகிறார் என்பதால்தான் இந்த வயதில் எனக்குக் கடிதம் எழுதும் தண்டனை.

அத்தான் பழக்கிவிட்டுப் போன வழக்கத்தை ஒரு நாளும் விடவில்லை. காலை ஐந்தரைக்குத் தீனி உருண்டைகளைத் தட்டில் வைக்காமல் தோட்டத்துப் பாத்தியில் தூவுகிறேன். செடிக்குச் செடி மோந்து, ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்கிறார்.

ஒரே தொல்லை நத்தை. மழைக்குப் பிறகு உன் செடிகளைச் சல்லடையாக்கிவிட்டன. எதிர்வீட்டு டீச்சரம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, அக்கா இல்லாத நேரமா பாத்து எல்லாத்தையும் நீங்களே மேஞ்சுட்டீங்களா?" என்கிறாள். என் உடம்பைப் பார்த்தால் யாருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான். ஏதாவது செய்கிறேன்.

சம்பளமில்லாத காவல்காரி,
உன் தங்கை

ஜூன் 10

அன்புத் தங்கச்சிக்கு,

நத்தை தின்றால் தின்னட்டும். எதையும் வாங்கித் தூவிவிடாதே. செடிக்கடையில் நத்தைக்கென்று நீலக் குருணை விற்பார்கள். தவிட்டில் செய்தது, நாய்க்குத் தீனி மாதிரியே மணக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் ஆபத்து. எலி மருந்தும் வேண்டாம், உரமும் வேண்டாம். நத்தையைக் கையால் பொறுக்கு. குனிந்து நிமிர்ந்தால் உனக்கும் நல்லது.

இந்தக் காகிதத்தைக் கழுத்தில் தேய்த்து அனுப்புகிறேன். அவனுக்கு மோந்து பார்க்கக் கொடு. உங்க அத்தானுக்குப் பிறகு அந்த வீட்டில் என்னை வரவேற்க இருப்பது அவன் ஒருத்தன்தான். இரண்டு நாளாக மனசு என்னமோ சரியில்லை. உடனே பதில் போடு.

அக்கா

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி கையால்தான் பொறுக்குகிறேன். ஒருமுறை குனிந்தவள் நிமிர வழியில்லாமல் அப்படியே கேட் வரை நடந்து போய், கம்பியைப் பிடித்து எழுந்தேன். டீச்சரம்மா பார்த்துவிட்டாள். தெரு முழுக்கத் தெரிந்திருக்கும்.

மேனேஜர் சுகம். கொஞ்சம் அமைதியாகிவிட்டார். கூப்பிட்டால் வருவதில்லை. ஆனால் ஐந்தரைக்கு நகச் சத்தம் கூடத்திலிருந்து சமையலறை வரை டக் டக்கென்று வருகிறது. பாத்திரம் கழுவும்போது ஆடுசதையில் ஈரமாக ஏதோ படுகிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீர்க் கிண்ணம் வைத்தபடியே இருக்கிறது. வெயில் இல்லாததால் தாகம் இல்லை போலிருக்கிறது. பாத்தியில் தூவுவது மட்டும் சாயங்காலத்துக்குள் காணாமல் போகிறது, சத்தியமாக. குருவிகள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் காகிதத்தை அவர் பாயில்தான் வைத்திருக்கிறேன். நீ அங்கே இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டே வா. அவசரமில்லை.

உன் அருமைத் தங்கை
(உனக்கு இருப்பது ஒன்றுதான், வேறு வழியில்லை)

ஜூலை 1

தங்கச்சி,

மிருக டாக்டரிடம் அவனுடைய அட்டை என் பெயரில் இருக்கிறது. கிளம்பும்போது இந்த வீட்டு முகவரியையும் அதில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஜூன் எட்டாம் தேதி, நத்தைக் குருணை தின்று இறந்தான் என்று அவர் எழுதிய அனுதாபக் கடிதம், உன் கடிதத்துக்கு முந்தின நாளே வந்துவிட்டது. நான் உனக்கு எச்சரிக்கை எழுதியபோதே அவன் இல்லை.

போனை எடுத்தேன், வைத்தேன். உன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது. அப்புறம் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் அவன் நடக்கிறான். அதனால்தான் இத்தனை நாள் பதில் எழுதவில்லை.

இப்போது எழுது. அன்று காலை நடந்தது எல்லாவற்றையும். வேடிக்கை காட்டாதே. அவன் என்னைத் தேடினானா?

நான் பன்னிரண்டாம் தேதி வருகிறேன்.

அக்கா

ஜூலை 6

அக்கா,

எட்டாம் தேதி விடிந்ததும் அந்தக் குருணையைப் பாத்தியில் தூவினேன். கடைக்காரர், "செடிக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்றார். நாயைப் பற்றி நான் கேட்கவில்லை. பாத்தியில் தூவினால் அது அவனுக்குச் சாப்பாடு என்று எனக்குத் தெரியும். ஒரு மாதமாகத் தினமும் அதைச் செய்தவள் நான்தான். ஆனாலும் தோன்றவில்லை.

அவன் செடிக்குச் செடி மோந்து பொறுக்கினான். தன் தீனியை முன்பே தின்றுவிட்டதால் ஏதோ விட்டுப்போனதைத் தேடுகிறான் என்று நினைத்தேன். வாசற்படியில் நின்று, "விடாதீங்க மேனேஜர், அந்த மூலையில பாருங்க" என்று கைதட்டினேன். அந்த மூலைக்கும் போனான்.

ஏழு மணிக்கு உடம்பு உதறத் தொடங்கியது. டீச்சரம்மாதான் காரில் கொண்டுபோனாள். பின்சீட்டில் அவன் தலை என் மடியில் இருந்தது. டாக்டர் ஊசி போட்டார், குளிர்ந்த துணி போட்டார். பதினொன்றரைக்கு முடிந்தது.

உன்னைத் தேடினானா என்று கேட்டாய். இல்லை அக்கா. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏதாவது செய்வேன் என்று நினைத்தான்.

நகச் சத்தம் பொய்யில்லை. இன்று காலையும் வந்தது. நான் எதுவும் தூவவில்லை. தோட்டத்துக் கதவு வரை போய் நின்றுகொண்டே இருந்தது.

பன்னிரண்டாம் தேதி நான் இங்கே இருக்கட்டுமா, சாவியை டீச்சரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தங்கை