பேச்சியம்மாள் தம்பியின் படம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். குற்றாலத்தில் சீசன் கூட்டம். தென்காசியில் என் ஸ்டூடியோவில் ஈ, கொசு. பாஸ்போர்ட் போட்டோ ரெண்டு, அவ்வளவுதான். வாங்க வேண்டியது: போட்டோ பேப்பர், தீப்பெட்டி, தயிர்.

மத்தியானம் ஒரு பெண். பேச்சியம்மாள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கிறவள். தம்பி சுடலையை ஞாயிற்றுக்கிழமை மெயின் அருவிக் கூட்டத்தில் தவறவிட்டுவிட்டாள். அவனுக்குக் காது கேட்காது, பேச்சு வராது, எழுதவும் தெரியாது. போலீஸில் சொல்லியாச்சு. வாட்ஸ்அப்பில் அனுப்ப முகம் தெளிவாக வேணும்.

"இது ஒண்ணுதான்க்கா இருக்கு. கல்யாண வீட்ல எடுத்தது. கையால பேசிக்கிட்டே இருப்பான், ஒரு நிமிசம் ஆடாம நிக்க மாட்டான்."

ஆடினதில் முகம் கலங்கிப்போயிருந்தது. கை ரெண்டும் வெறும் புகை. நாளைக்கு வரச் சொன்னேன். "நாளைக்கா?" என்றாள். உட்காரச் சொன்னேன்.

கம்ப்யூட்டரில் ஏற்றி, தெளிவாக்க ஷார்ப்பன் கூட்டக் கூட முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு, கன்னமெல்லாம் மணல். புது ஏஐ பட்டனை அமுக்கினேன். பளிச்சென்று ஒரு முகம். எனக்குப் பெருமை. அவள் கிட்டே வந்து பார்த்தாள்.

"இது யாருக்கா?"

வரிசைப் பல், கூர் மூக்கு. கம்ப்யூட்டர் தானாகச் செய்துகொண்ட எவனோ. இதை அனுப்பியிருந்தால் ஊரே அந்த எவனையோ தேடியிருக்கும். அழித்தேன்.

பழைய படத்தையே எடுத்து, துளி ஷார்ப்பன், கொஞ்சம் வெளிச்சம். படத்தைச் சின்னதாக்கினேன்; சின்னதானால் கலங்கல் அவ்வளவாகத் தெரியாது. கீழே அவளைக் கேட்டு, அவள் போன் நம்பரோடு பெரிய எழுத்தில்: வாய் பேச வராது. கையால் பேசுவார். இடது புருவத்தில் தழும்பு.

"இவந்தான்" என்று அழுதாள். டீ சொன்னேன். இந்தக் கடைக்கு ரெண்டு டீ வந்து எவ்வளவு காலமாச்சு.

ஜூலை 9, புதன்

மழை. பாதி நாள் கரண்ட் இல்லை. சுடலை பற்றித் தகவல் இல்லை. வாசுதேவநல்லூரிலிருந்து தங்கச்சி போன், மிக்சி ரிப்பேர் பற்றி. சுடலை விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். "பொறவு பேசுதேன்க்கா." வைத்துவிட்டாள்.

நான் தொலைந்தால் கொடுக்க என் படம்? கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினேன். ஊர் முகமெல்லாம் இருக்கு. என்னுடையது ஆதாரில் உள்ளது மட்டும்.

ஜூலை 11, வெள்ளி

கிடைச்சுட்டான்! செங்கோட்டையில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தானாம். பசியோடு வந்தவனுக்குச் சோறு போட்டு வைத்துக்கொண்ட கடைக்காரர், வாட்ஸ்அப்பில் படம் வந்ததும் கூப்பிட்டிருக்கிறார். "மூஞ்சி சந்தேகமாத்தான் இருந்துச்சு. கையால பேசுவார்னு போட்டிருந்துச்சுல்லா, அதான்" என்றாராம்.

சாயங்காலம் அக்காவும் தம்பியும் வந்தார்கள், ஒரு பை தக்காளியோடு. சுடலை ஸ்கிரீனில் தன்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு என்னைக் காட்டி, கடையைச் சுற்றிக் காட்டி, ஒற்றை விரல்.

"ஒத்தையிலயா இருக்கீங்கன்னு கேக்கான்க்கா. அவன் அப்படித்தான், எல்லாத்தையும் கேப்பான்."

ஆமா என்றேன். இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

பஸ் வந்துட்டு என்று பேச்சியம்மாள் படியிறங்கி ஓடினாள். சுடலை வாசலில் நின்று இரண்டு கையாலும் எனக்கு நீளமாக என்னமோ சொன்னான். ஒன்றும் புரியவில்லை. தலையாட்டினேன். அவனுக்கு அது போதவில்லை. திரும்ப முதலிலிருந்து சொன்னான்.