நாலாம் நம்பரில் மட்டும் ஓடிய ஃபேன்

என்னங்க,

முழங்கை வலி குறைந்ததா? மகளுக்குச் சளி விட்டதா? நான் நன்றாகவே இருக்கிறேன், பயப்படும்படி ஒன்றுமில்லை.

இந்தக் குளிர் ஊரில் நோயாளிகள் வீடுகளுக்கு நான் ஓட்டிப்போகும் பழைய காரில், ஹீட்டர் ஃபேன் நாலாம் நம்பரில் மட்டும் பேயாய்ச் சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்றில் மூச்சே இல்லை. மெக்கானிக், "மோட்டார் போச்சும்மா, மூணு நாள் ஆகும்" என்றார். மூன்று நாள் அறையில் சும்மா உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும்.

"மோட்டார் போயிருந்தா நாலுல எப்படிண்ணே ஓடும்? நாலுக்குக் கரண்ட் நேரா போகுது. மத்த மூணுக்கும் கரண்டைக் குறைக்கிற ரெசிஸ்டர் வழியாத்தானே போகணும்? அதக் கழட்டிப் பாருங்க" என்றேன்.

கழற்றினார். உள்ளே கம்பிச்சுருள் கருகி அறுந்து கிடந்தது.

"நர்சம்மா, இத எங்க படிச்சீங்க?"

"எங்க வீட்டுக்காரர் வண்டி எலக்ட்ரீஷியன். சாப்பிடும்போதுகூட வயரிங்தான் பேசுவார்."

சிரித்துக்கொண்டே அரை மணியில் புதியதை மாட்டிவிட்டார்.

இப்போது ஒன்றில் வைத்தால் சத்தமே இல்லை. அந்த அமைதிதான் தாங்கவில்லை; சிக்னலில் நின்றால் கதவைத் திறந்து இறங்கி நடந்துவிடலாமா என்றிருக்கிறது.

ஒரு உதவி. மதியம் ஒரு மணிக்கு போன் போட்டு, கடை மேசைமேல் வைத்துவிடுங்கள். பேச வேண்டாம், உங்கள் வேலையைப் பாருங்கள். நான் வண்டியை ஓரங்கட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஊசிக்கு ஒரு பெரியவர் காத்திருக்கிறார், ஓடுகிறேன்.

உங்களவள்