டாக்டர் சொன்னதில் பாதி

செவ்வாய், இரவு

புருஷனை இனி அவர் என்று எழுதக் கை வரவில்லை. அவன்தான்.

டிபி மாத்திரை வாங்க இன்று டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றதும் இந்தியில் சத்தம் போட்டார். எனக்கு இந்தி வராது. புதிதாக வந்திருக்கும் தமிழ் நர்ஸ்தான் சொன்னாள்.

"இந்த மாத்திர சாப்பிட்டா கருத்தடை மாத்திர வேல செய்யாதுக்கா. வேற வழி பாக்கணும்னு மொதல்லயே ஒங்க வீட்டுக்காரர்ட்ட டாக்டர் சொன்னாங்களாமே."

மாத்திரை தொடங்கிய அன்று டாக்டர் பேசியதை எனக்குத் தமிழில் சொன்னவன் அவன். வெறும் வயிற்றில் போட வேண்டும், மூத்திரம் சிவப்பாகப் போகும் என்றான். இதை மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் கேட்டேன். "பொட்டப்புள்ள ஒண்ணு இருக்கு. ஒரு பையன் வேண்டாமாட்டி?" என்று சிரித்தான்.

இந்த உடம்பிலா? இருமி இருமி எலும்பாகிக் கிடக்கிறேன். எல்லாம் தெரிந்துகொண்டே தினமும் ராத்திரி கருத்தடை மாத்திரைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, "மாத்திர போட்டியாட்டி?" என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறான்.

இன்றும் தம்ளரை நீட்டினான். வாங்கி வாசலில் கொட்டினேன்.

மகளை நடுவில் படுக்கப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அவன் தூங்கவில்லை. விழித்தே கிடக்கட்டும்.