புட்டில்லு என்றே எழுதுங்கள்

பத்மஜாவின் அப்பாவுக்கு,

புகுந்த வீட்டில் அடிபட்டு வரும் பெண்கள் தங்க, நம் குண்டூர் வீட்டிலேயே சங்கம் தொடங்கிவிட்டேன். மகள் பெயரை வைத்தால் குடும்ப மானம் போகும் என்று எழுதியிருந்தீர்கள். வைக்கவில்லை.

பதிவு அலுவலக எழுத்தர் சிரித்தார். "புட்டில்லா? பொறந்த வீடுன்னு யாராவது சங்கத்துக்குப் பேரு வைப்பாங்களா? லட்சுமி சேவா சங்கம்னு மங்களகரமா வைங்கம்மா."

"லட்சுமிக்கு எல்லா வீட்டுலயும் இடமிருக்கு சார். பெத்த பொண்ணுக்குத்தான் இல்ல. எழுதுங்க," என்றேன். எழுதினார்.

மூன்று முறை பத்மஜா பையோடு வந்தாள். மூன்று முறையும் "அனுசரிச்சுப் போம்மா" என்று பஸ் ஏற்றிவிட்டோம். நீங்கள் மட்டுமல்ல, நானும்தான். நான்காம் முறை அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நேற்று பலகை மாட்டினோம். மாலையே கைக்குழந்தையோடு ஒருத்தி வந்துவிட்டாள். மகளின் அறையைக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் வரலாம், ஆனால் யாரையும் திரும்பிப் போகச் சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா